பதினோராம் பக்கத்து மீன்

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை. றைன் ஆற்றின் மேல் காலையிலிருந்து கலையாத மூடுபனி. வெப்பநிலை மூன்று பாகை. காற்று இல்லை.

பாலத்தின் நடுவில் ஒரு பித்தளைக் கோடு பதிக்கப்பட்டிருந்தது. கோட்டுக்கு இப்பால் சுவிற்சர்லாந்து, அப்பால் ஜெர்மனி. யோகராஜா அக்கோட்டுக்கு மூன்றடி முன்னதாகவே நின்றுகொண்டார். முதியோர் இல்லத்துச் சமையலறையிலிருந்து இடைவேளையில் ஓடி வந்தவர், பின்பட்டியற்ற வெள்ளை வேலைச் செருப்பைக்கூட மாற்றியிருக்கவில்லை. செருப்பின் மேல் நீல மையால் 9 என்று எழுதப்பட்டிருந்தது.

“செருப்புக்கும் அகதி இலக்கமோ?” என்று கேட்டார் மரியதாஸ்.

“வேலையிடத்திலை எல்லாருக்கும் இலக்கம் இருக்கு அண்ணை. இல்லாட்டிச் சோடி மாறிப்போகும்.”

துப்பறிவாளர் திரேசா சிரிக்கவில்லை. அவள் சிரித்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. பதினொரு ஆண்டுகள் அவள் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். எதிரே இருப்பவர் “நான்” என்றால் அவளும் “நான்” என்றே ஜெர்மன் மொழியில் சொல்ல வேண்டும் என்பது அத்தொழிலின் விதி. என்னை அடித்தார்கள், என் தம்பியைக் காணவில்லை, நான் கடலில் குதித்தேன் என்று அந்நியர்களுடைய ‘நான்’கள் எல்லாம் அவள் வாய்வழியே வெளியேறின. ஒரு நாள் வீட்டில், உனக்குப் பசிக்கிறதா என்று கேட்கப்பட்டபோது, அவளுக்கு விடை தெரியவில்லை. மறுமாதம் அவ்வேலையை விட்டாள். பாடன் நகரில் ஓர் அறை எடுத்துத் துப்பறியும் நிலையம் தொடங்கினாள். பன்னிரண்டு ஆண்டுகள் அஞ்சல் பஸ் ஓட்டி ஓய்ந்திருந்த மரியதாஸ் தாமாகவே வந்து உதவியாளராகச் சேர்ந்துகொண்டார்.

வழக்கு இதுதான். யோகராஜாவிடம் இருப்பது தற்காலிகமாகத் தங்க மட்டும் இடந்தரும் எஃப் அட்டை. அதை வைத்திருப்பவர் அனுமதியின்றி நாட்டெல்லையைத் தாண்டலாகாது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வதிவிட உரிமை தரும் பி அனுமதிக்கான அவருடைய விண்ணப்பம் முடிவை நெருங்கியிருந்த வேளையில், பெயரில்லாத ஒரு முறைப்பாடு குடிவரவு அலுவலகத்துக்குச் சென்றது: ‘இவர் அடிக்கடி ஜெர்மன் கரைக்குப் போய் வருகிறார், சான்று இவருடைய நூலே.’ இறுதி விளக்கத்தை இன்றே பதிவுத் தபாலில் சேர்த்தாக வேண்டும். இக்கரைத் தபால் கவுண்டர் ஐந்தரைக்குப் பூட்டப்படும். இன்றைய முத்திரை விழாவிட்டால் விண்ணப்பமும் விழுந்துவிடும். ஒன்பது ஆண்டுகளாகக் காத்திருக்கும் மனைவியை அழைப்பதும் அதனோடு போய்விடும்.

நூல் என்பது நாற்பது பக்கக் கையேடு. ‘ஆல்ட்ஸ்டெக்: ஓர் ஆற்றங்கரை நகரின் வரலாறும் காட்சிகளும்.’ ஒரு காலத்தில் இரு கரையும் சேர்ந்து ஒரே ஊர். நெப்போலியன் காலத்து உடன்படிக்கை ஆற்றின் நடுவே கோடு கிழித்தபோது, தேவாலயமும் சந்தையும் அக்கரையில் ஜெர்மனிக்குப் போயின. இக்கரைக்குக் கிடைத்தவை ஒரு சிறு வீதியும் திராட்சைச் சரிவும். தமிழ்ப் பள்ளி விழாவில் அந்நூல் நூற்றைம்பது பிரதிகள் போயிற்று.

“கடைசியாக் கேக்கிறன்,” என்றாள் திரேசா. “இந்தக் கோட்டைத் தாண்டினீங்களோ?”

“இல்லை.”

“பதினோராம் பக்கத்திலை தேவாலயத்தின்ரை உள்பக்கத்தை எழுதியிருக்கிறியள். ஆர் சொன்னது?”

யோகராஜா ஆற்றைப் பார்த்தார். “எங்கையோ வாசிச்சன்.”

அது பொய். பதினொரு ஆண்டுகள் பொய்யையும் மெய்யையும் ஒரே குரலில் மொழிபெயர்த்தவளுக்கு அதை அறிய நேரம் தேவைப்படவில்லை. அவள் பித்தளைக் கோட்டைத் தாண்டினாள்.

* * *

மரியதாஸ் நூலை விரித்துப் பிடித்துக்கொண்டு, சுற்றுலா வழிகாட்டியைப் போல் முன்னே நடந்தார்.

“‘நகரவாயிலின் கோபுரம் காலத்தின் காவலனாய் நிமிர்ந்து நிற்கின்றது. எனினும் அதன் மணிக்கூடு நான்கு பத்துடன் தன் கடமையைத் துறந்துவிட்டது.’ என்ன தமிழ் பிள்ளை! எனக்கு ஓ லெவல் சோதனை வந்தமாதிரிக் கை நடுங்குது.”

திரேசா நிமிர்ந்து பார்த்தாள். கோபுரத்து மணிக்கூடு ஒன்று நாற்பத்தைந்து காட்டியது. அவளுடைய கைக்கடிகாரமும் அதையே காட்டியது.

“அடுத்தது?”

“‘சுங்கக்காரர் இல்லம் மஞ்சள் வண்ணம் பூண்டு, இரும்பு மாடத்துடன் மணமகளைப் போல் பொலிகின்றது.’”

சுங்கக்காரர் இல்லத்தின் வாசலில் பெயர்ப் பலகை இருந்தது. ஆனால் சுவர் சாம்பல் நிறம். மாடம் எதுவும் இல்லை.

“மணமகள் அழுது முடிச்சிட்டா போல,” என்றார் மரியதாஸ்.

சந்தைச் சதுக்கத்துக்கு வந்தபோது இருவரும் நின்றுவிட்டார்கள். எதிரே நகர மண்டபம். மூன்று மாடி உயரத்துக்குச் சுவர் முழுவதும் ஓவியம்: வலை இழுக்கும் மீனவர்கள், முடி தரித்த பிரபு, தீப்பற்றிய படகு. பனியிலும் அதன் சிவப்பு மங்கவில்லை. அதன் முன்னே ஜப்பானியர் இருவர் படமெடுத்துக்கொண்டிருந்தனர்.

“இதைப்பற்றி எத்தினையாம் பக்கம்?” என்று கேட்டாள் திரேசா.

மரியதாஸ் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். “இல்லை.”

“நல்லாப் பாருங்கோ.”

“இல்லையெண்டா இல்லைப் பிள்ளை. ஆற்றங்கரைப் படிக்கட்டு நாப்பத்திரண்டு எண்டு எண்ணி எழுதியிருக்கு. வலை காயப்போடுற கம்பி எத்தினை எண்டும் கிடக்கு. இவ்வளவு பெரிய மண்டபம் மட்டும் இல்லை.”

திரேசா சதுக்கத்தின் ஓர் இடுக்கு வழியே ஆற்றுப் பக்கம் இறங்கினாள். திரும்பிப் பார்த்தாள். கோபுரத்தின் ஆற்றுமுக மணிக்கூடு நான்கு பத்தில் நின்றிருந்தது. சுங்கக்காரர் இல்லத்தின் பின்சுவர் மஞ்சள். அதில் இரும்பு மாடம். நகர மண்டபத்தை முன்வரிசை வீடுகள் முழுவதுமாக மறைத்திருந்தன. அக்கரையிலே, பனிக்கு நடுவே, முதியோர் இல்லத்தின் சமையலறை யன்னல் மஞ்சளாய் எரிந்தது.

“இந்த மனுசன் ஊரின்ரை முதுகைத்தான் எழுதியிருக்கிறார்,” என்றாள்.

மரியதாஸ் யன்னலையும் வீடுகளையும் மாறிமாறிப் பார்த்தார். “பொம்பிளை பாக்கப் போய், பின்னலை மட்டும் பாத்துட்டு வந்து, மூக்கு நல்ல வடிவெண்டு வீட்டிலை சொன்னமாதிரி!” பிறகு அவர் குரல் தாழ்ந்தது. “ஒன்பது வருசம் கோப்பை கழுவிக்கொண்டு இதைத்தானே பாத்துக்கொண்டு நிண்டிருப்பார்.”

இக்கூற்று யாரையாவது உருக்கியிருக்க வேண்டும். திரேசாவுக்குள் ஒன்றும் உருகவில்லை. கையுறையைக் கழற்றிப் பிழைகளை ஒவ்வொன்றாகக் குறிப்பேட்டில் எழுதினாள். ஏழு பிழைகள். விரல்கள் விறைத்திருந்தன, அதுவும் யாரோ ஒருவருடைய விரல் போலவே இருந்தது.

“அப்ப மனுசன் இங்காலை வரேல்லை, வழக்கு முடிஞ்சுதோ? ஒரு பற்பசை வாங்கிக்கொண்டு போவம். இங்கை மலிவெண்டு வாற சுவிஸ்காரர் எல்லாம் பற்பசை வாங்காமல் திரும்பிறேல்லை.”

“பதினோராம் பக்கம் கிடக்கு அண்ணை. உள்பக்கத்தை ஆத்தங்கரையிலை நிண்டு பாக்கேலாது.”

* * *

தேவாலயத்தில் ஒருவரும் இல்லை. மெழுகுதிரித் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த காப்பாளர் மட்டும் இருந்தார். திருமதி ஹூபர் என்பது அவர் பெயர், எழுபது வயதிருக்கலாம்.

திரேசா பதினோராம் பக்கத்தை மெல்ல வாசித்தாள். “‘பிரசங்க மேடையின் அடியில் மரத்தாலான சால்மன் மீன் ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. அதன் கண் நீலக் கண்ணாடி. வாங்கில் இருப்பவரை அது விடாது நோக்கும். தரைக்கல் கோடையிலும் குளிரும். நடைவழியின் இடப்புறம் ஒரு கல் தேய்ந்து குழிந்துள்ளது. குதிக்கால் அக்குழியில் சரியாக அமரும்.’”

மீன் இருந்தது. நீலக் கண்ணும் இருந்தது. மரியதாஸ் சப்பாத்துக் காலால் இடப்புறத்துக் கற்களைத் தடவிப் பார்த்தார். “எனக்கு ஒரு குழியும் பிடிபடேல்லை.”

“சப்பாத்தைக் கழட்டுங்கோ.”

“இந்தக் குளிரிலையோ? வழக்கிலை செத்தவர் எண்டு என்ரை பேரை எழுதப்போறீர்.” முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். நான்காம் அடியில் நின்றார். “கிடக்கு. அச்சொட்டாக் குதிக்கால்.”

காப்பாளர் அதைக் கண்டு சுரண்டுவதை நிறுத்தினார். “நீங்களும் காலணி கழற்றுகிறீர்கள்! அந்த அம்மாவின் உறவினர்களா?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

“எந்த அம்மா?”

“செவ்வாய்க்கிழமைகளில் வருவார். செருப்பை வெளியே கழற்றி, நுனி வீதியைப் பார்க்க ஒழுங்காக வைப்பார். கால் குளிருமே என்று நான் ஒரு முறை கம்பளிக் காலுறை கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கி, மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டார். வெள்ளைச் செருப்பு. மேலே நீல மையில் பதினான்கு.”

திரேசா யோகராஜாவின் புகைப்படத்தைக் காட்டினாள். காப்பாளர் தலையசைத்தார், ஒருபோதும் கண்டதில்லை. கேட்டதும் அதை எழுதிக் கையொப்பமிட்டும் கொடுத்தார். கோபுர மணிக்கூடு ஏன் ஆற்றுப் பக்கம் நின்றுவிட்டது என்று மரியதாஸ் கேட்டார். “அந்தப் பக்கத்து அச்சு உடைந்து இருபத்தாறு வருடமாகிறது. எங்களில் யாரும் அந்தப் பக்கமிருந்து பார்ப்பதில்லை,” என்பது விடை.

திரேசா முறைப்பாட்டின் நகலை எடுத்தாள். பெயரின் இடம் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தது. அதையும் நூலையும் மடியில் பக்கம் பக்கமாக வைத்து வாசித்தாள். பின் எழுந்தாள். முதல் வரிசை வாங்கில் அமர்ந்து மீனைப் பார்த்தாள். இரண்டாம் வாங்குக்குப் போனாள். மூன்றாம் வாங்கில் மீனின் கண்ணோடு கண் பொருந்த அசையாமல் இருந்தாள்.

“என்ன பிள்ளை, பாவசங்கீர்த்தனமோ?”

“முறைப்பாட்டிலை ஒரு வசனம் கிடக்கு அண்ணை. ‘மூன்றாம் வாங்கில் இருப்பவரை நோக்கும் மீனை இவர் வர்ணித்துள்ளார்.’ புத்தகத்திலை எத்தினையாம் வாங்கு எண்டு இருக்கோ?”

மரியதாஸ் பக்கத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்தார். “‘வாங்கில் இருப்பவரை’ எண்டுதான் கிடக்கு.” மெல்ல நிமிர்ந்தார். “அப்ப முறைப்பாட்டுக்குப் புத்தகத்தைவிடக் கூடத் தெரிஞ்சிருக்கு.”

“அவருக்குச் சொல்லிக் குடுத்ததும் அவருக்கு எதிரா எழுதினதும் ஒராள்தான். நன்றியுரையை வாசியுங்கோ.”

நன்றியுரை இரண்டு பக்கம் நீண்டது. மரியதாஸ் மூச்சு விடாமல் வாசித்தார்: அச்சகத்தார், தமிழ்ப் பள்ளி அதிபர், தாள்களைக் கோக்கும் முள் இயந்திரம் தந்த இந்திரா அக்கா, பிரதிகளைத் தூக்கி ஏற்றிய விதுஷன், முதியோர் இல்லத்தின் தலைமைச் சமையலாளர், காவலாளி, தோட்டக்காரர்… “‘யான் எழுதும் வேளைகளில் தமது வானொலியின் ஒலியைக் குறைத்துதவிய மூன்றாம் மாடிப் பெரியவர்…’ மொத்தம் இருபத்திமூண்டு பேர். றேடியோவைக் குறைச்ச கிழவனுக்கும் நன்றி சொன்ன மனுசன்!”

“தேவாலயத்துக்குப் போய்ப் பாத்துச் சொன்ன ஆளுக்குச் சொல்லேல்லை. பதினாலாம் இலக்கம் அந்த இல்லத்துச் செருப்பு. வாங்கோ.”

மணி நான்கைத் தாண்டிக்கொண்டிருந்தது.

* * *

பதினான்காம் இலக்கத்தின் செருப்புத் தட்டு முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியின் வாசலில் இருந்தது. உள்ளே கஜலக்சுமி படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, நெற்றியில் திருநீறு, கழுத்தில் தடித்த தாலிக்கொடி. கணவர் கோயில் நிர்வாகத்தில் ஒருவர் என்பதைக் காவலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

திரேசா தன்னை அறிமுகம் செய்தாள். மடிப்பு நிற்கவில்லை.

“அக்கா, முறைப்பாட்டிலை மூன்றாம் வாங்கு எண்டு கிடக்கு. புத்தகத்திலை வாங்கு எண்டு மட்டும்தான் கிடக்கு.”

“நாலாம் வாங்கிலை இருந்தா அது பாக்காது,” என்றார் கஜலக்சுமி.

சொன்ன பிறகுதான் தாம் சொன்னதை அவர் உணர்ந்தார். விரிப்பின் நான்கு மூலைகளையும் சேர்த்து, தட்டி, அடுக்கின் மேல் வைத்தார்.

“ஓம். நான்தான் எழுதினன். மகன்ரை கொம்பியூட்டரிலை.”

“ஏன்?” என்று கேட்டவர் மரியதாஸ்.

“எட்டு மாசம் அண்ணை. செவ்வாய்க்குச் செவ்வாய் அங்காலை போய்ப் பாத்து வந்து, தேத்தண்ணி நேரத்திலை சொல்லுவன். அவர் எழுதுவார். கண் என்ன நிறம், கல் எப்படி எண்டு திருப்பித் திருப்பிக் கேப்பார். புத்தகம் வந்த அண்டைக்குக் கடைசிப் பக்கத்தைத்தான் முதல் பாத்தன். இருபத்திமூண்டு பேர். றேடியோக் கிழவன் இருக்கிறார். நான் இல்லை.” குரலில் கோபம் இல்லை. அது எப்போதோ சலவை செய்யப்பட்டுவிட்டது போலிருந்தது.

“அவரின்ரை அனுமதி போகும் எண்டு தெரியாதோ உங்களுக்கு?”

“போகுமெண்டு ஆர் கண்டது? கூப்பிட்டுக் கேப்பினம் எண்டு நினைச்சன். கேட்டா, கஜலக்சுமி அக்காதான் சொன்னவ எண்டு சொல்லத்தானே வேணும். ஒருக்காலாவது எங்கையாவது என்ரை பேர் எழுதப்படட்டும் எண்டு…”

“அலுவலகத்திலை கேட்டவை,” என்றாள் திரேசா.

அவள் பையிலிருந்து இன்னொரு நகலை எடுத்து விரிப்பின் மேல் வைத்தாள். ஒக்ரோபரில் அலுவலகம் அனுப்பிய கேள்வித்தாள். நான்காம் கேள்வி: இத்தகவலைத் தங்களுக்கு அளித்தவர் யார்? அதன் கீழே யோகராஜாவின் அழகிய கையெழுத்தில், ஜெர்மன் மொழியில், ஒரே வரி: கூற விரும்பவில்லை. அந்த ஒரு வரியால்தான் அலுவலகம் இன்றைய தவணையை இறுதித் தவணை ஆக்கியிருந்தது.

கஜலக்சுமி அவ்வரியை இரண்டு முறை வாசித்தார். “என்ரை பேரைச் சொல்லுறதிலை என்ன வெக்கம் அவருக்கு?”

“சொல்ல வேண்டாம் எண்டு நீங்கள் எப்பவாவது சொன்னனீங்களோ?”

சலவை இயந்திரம் ஒன்று சுழன்று ஓய்ந்தது. கஜலக்சுமியின் கை, எடுத்த தலையணை உறையோடு அந்தரத்தில் நின்றது. திரேசா வந்ததிலிருந்து அந்தக் கைகள் நின்றது அதுவே முதல் முறை.

“பங்குனியிலை,” என்றார். “பகிடியாத்தான் சொன்னன். நான் சேர்ச்சிலை போய் இருக்கிறதை எங்கடை அவர் அறிஞ்சா நிர்வாகம் முழுக்க வீட்டுக்கு வந்திடும், ஒருத்தருக்கும் வாய் திறக்காதேயும் தம்பி எண்டு.” உறையை மடிக்காமல் வைத்தார். “அங்கை ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்காயினம். அதுக்குத்தான் போறனான்.”

“அவர் பகிடி எண்டு எடுக்கேல்லை.”

மரியதாஸிடம் கைவசம் எப்போதும் ஒரு பகிடி இருக்கும். இப்போது அவர் உலர்த்தியின் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன எழுத வேணும்?” என்று கேட்டார் கஜலக்சுமி.

அவர் தமிழில் சொன்னார்; திரேசா விரிப்பு அடுக்கின் மேல் தாளை வைத்து ஜெர்மன் மொழியில் எழுதினாள். நான் ஒவ்வொரு செவ்வாயும் அத்தேவாலயத்துக்குச் செல்கிறேன். நான் சுவிஸ் குடியுரிமை உடையவள். பதினோராம் பக்கத்தில் உள்ளவை எல்லாம் நான் கண்டவை. மூன்றாம் வாங்கில் இருந்தவள் நான்.

“முறைப்பாட்டையும் எழுதுறதோ?”

“அது நீங்களும் அவரும் கதைக்கவேண்டியது. இது அலுவலகத்துக்கு.”

“முழுப் பேரும் போட வேணுமோ?”

“முழுப் பேரும்.”

கஜலக்சுமி பேனாவை வாங்கினார். தந்தை பெயர், தம் பெயர், கணவர் பெயர் எதையும் விடாமல் வரியின் இறுதி வரை எழுதினார். எழுதியதைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “எங்கடை அவருக்கு நானே இண்டைக்குச் சொல்லிப்போடுறன். நிர்வாகம் வந்தா வரட்டும், தேத்தண்ணி குடுப்பம்.”

* * *

தபால் கவுண்டர் பலசரக்குக் கடையின் மூலையில், பால்கட்டி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. யோகராஜா வேலை உடுப்போடு அங்கே காத்திருந்தார். திரேசா ஏழு பிழைகளின் பட்டியலையும் காப்பாளரின் கடிதத்தையும் உறைக்குள் இட்டாள். கஜலக்சுமி கையொப்பமிட்ட தாளை மட்டும் அவரிடம் நீட்டினாள்.

அவர் வாசித்தார். பெயரில் அவர் விரல் நின்றது.

“எழுதித் தந்திட்டா,” என்றார்.

“முறைப்பாட்டை ஆர் எழுதினதெண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“மூன்றாம் வாங்கு எண்டதை வாசிச்ச உடனை.”

மரியதாஸ் கொதித்துவிட்டார். “அட மனுசா! தெரிஞ்சுகொண்டு ஏன் எங்களை அந்தக் குளிருக்குள்ளை அலைய விட்டனீர்? நான் வெறுங்காலோடை கல்லிலை நடந்தனான்!”

“சொல்லாதேயும் எண்டு சொன்னவ அண்ணை. சொல்லுறதெண்டா அவதான் சொல்ல வேணும்.”

அந்தத் தாளும் உள்ளே போக, உறை ஒட்டப்பட்டது. கவுண்டர்ப் பெண் அதை நிறுத்துப் பார்த்து, பதிவு ஒட்டியை ஒட்டி, முத்திரையை எடுத்தாள். வெளியே இருட்டியிருந்தது. கடைக் கண்ணாடியின் வழியே, ஆற்றுக்கு அப்பால், விளக்கொளியில் அந்த மணிக்கூடு தெரிந்தது. நான்கு பத்து.

யோகராஜா தயங்கித் தயங்கிக் கேட்டார். “நீங்கள் உள்ளை போனனீங்கள்தானே. அந்த வாங்கிலை இருந்து பாத்தனீங்களோ? உண்மையா அது பாக்குதோ?”

திரேசா அந்த நீலக் கண்ணை நினைத்துக்கொண்டாள். விடை எளிதாகவே வந்தது.

“ஓம்,” என்றாள். “நான் இருந்தனான். என்னைப் பாத்தது.”

சொல்லி முடித்தபின்தான் அந்த ‘நான்’ வேறு எவருடையதும் அல்ல என்பதை அவள் கவனித்தாள். விரல் நுனிகள் வலிக்கத் தொடங்கியிருந்தன. சூடு திரும்பும்போது அப்படித்தான் வலிக்கும். முத்திரை உறையின் மேல் விழுந்தது. திகதியின் அருகே நேரமும் பதிந்தது: 17 மணி 26 நிமிடம்.